சித்தப்பாவின் மூன்று சதவீதம்

நாட்றம்பள்ளிப் பக்கம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களில் சிலர் இன்றைக்கும், “விண்கல் விழுந்துச்சே, அந்த ஊரா?” என்று கேட்கிறார்கள். விழவில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. 2016 பிப்ரவரி 6 அன்று நண்பகல் வாக்கில் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். மூன்று பேருக்குக் காயம், ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, தரையில் ஒரு பள்ளம். மறுநாளே அது விண்கல் என்று மாநில அரசின் அறிக்கை வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 1 லட்சம், காயம்பட்டவர்களுக்கு 25,000 என்று நிவாரணமும் அறிவித்தார்கள். நம் காலத்தில் விண்கல் விழுந்து ஆள் இறந்ததாக உறுதியான பதிவு எதுவும் கிடையாது என்பதால் உலகப் பத்திரிகைகளெல்லாம் வேலூர் மாவட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்தன. சில நாட்களிலேயே நாசா தரப்பிலிருந்து, படங்களைப் பார்த்தால் தரையிலேயே நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் டீக்கடை வரைக்கும் வரவில்லை.

கொஞ்சம் யோசித்தாலே தெரியும். கைக்கு அடக்கமான ஒரு கல் வானத்திலிருந்து வந்தால், காற்று அதன் வேகத்தையெல்லாம் பல கிலோமீட்டர் உயரத்திலேயே வாங்கிக்கொள்ளும். மிச்சத் தூரத்தை அது மாடியிலிருந்து போட்ட கல்லைப் போலத்தான் விழுந்து கடக்கும். தரையைத் தொடும்போது வெடிக்காது, தீப்பிடிக்காது, பெரும்பாலும் சூடாகக்கூட இருக்காது. தரையில் வந்து வெடித்துக் கண்ணாடியை உடைக்கிற அளவுக்கு வேகம் மிஞ்ச வேண்டுமென்றால் கல் மிகப் பெரியதாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று பட்டப்பகலில் வந்திருந்தால் கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் கோலாரிலும் ஆயிரக்கணக்கான பேர் நெருப்புக் கோளத்தைப் பார்த்திருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. இதில் எனக்குள்ள தனிப்பட்ட எரிச்சல் வேறு. அந்தக் கல்லூரியிலிருந்து கிட்டத்தட்ட நேர் கிழக்கே, முப்பத்தைந்து கிலோமீட்டர் போல ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானத்துக் கல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆட்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், பெயர் வைக்கிற வேலை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

சரி, இது பழைய கதை. இப்போது இதை எழுத வைத்தது சித்தப்பா. வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது ஆடுகள், கொஞ்சம் மானாவாரி நிலம், நிறைய வாட்ஸ்அப். 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற கல்லைப் பற்றிய செய்தி வந்துகொண்டிருந்தது நினைவிருக்கும். 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத வாய்ப்பு என்றார்கள். விழக்கூடிய பாதை தென்னமெரிக்காவில் தொடங்கி ஆப்பிரிக்கா வழியாக இந்தியா வரைக்கும் நீண்டது. மும்பை, கொல்கத்தா பெயரெல்லாம் அடிபட்டது. ஜனவரிக் கடைசியில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், பிப்ரவரி முதல் வாரத்தில் 2.3, பிப்ரவரி 18-இல் 3.1. சித்தப்பா போன் செய்தார். “இன்னாடா இது, ஏறிக்கினே போவுது? கல்லு கிட்ட வருதா?”

கல் அப்போது எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொன்னதும் அவருக்கு இன்னும் குழப்பம். விலகிப் போகிற கல்லுக்குச் சதவீதம் எப்படி ஏறும்? நியாயமான கேள்வி. அடுத்த வாரத்திலேயே அந்த எண் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிட்டது. அப்போது சித்தப்பா சொன்னது: “பாத்தியா, மறைக்கிறானுங்க.”

ஏறினாலும் பயம், இறங்கினாலும் சந்தேகம் என்கிற இந்த இடம்தான் என் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த எண் கல்லைப் பற்றியது என்று அவர் நினைக்கிறார், அவர் மட்டுமல்ல, செய்தி வாசிக்கிறவர்களும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த எண்ணில் கல்லைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான். நாம் அதை எவ்வளவு நாள் பார்த்திருக்கிறோம் என்பதுதான் அதில் பெரும்பங்கு. இதை நான் புரிந்துகொண்டது ஒய்ஆர்4-ஐ வைத்து அல்ல, அதற்கு இருபது வருடம் முந்தைய அபோபிஸ் என்ற கல்லை வைத்து.

சுனாமி வாரத்தில் வந்த கல்

அபோபிஸை 2004 ஜூன் 19-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையிலிருந்து கண்டுபிடித்தார்கள். ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி என்று மூன்று பேர். இரண்டே இரவுகள் பார்த்தார்கள், அதோடு கை நழுவிப்போயிற்று. டிசம்பர் 18-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மறுபடியும் அகப்பட்டது. அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை, 2004 எம்என்4 என்ற அடையாளம் மட்டும். ஆறு மாத இடைவெளியில் கிடைத்த இரண்டு துண்டுப் பார்வைகளை வைத்துப் பாதையைக் கணக்குப் போட்டால், 2029 ஏப்ரல் 13-இல் பூமி நிற்கிற இடத்துக்கு அது வரக்கூடும் என்று தெரிந்தது. டிசம்பர் 23-இல் முந்நூறில் ஒரு வாய்ப்பு. மறுநாள் அறுபதில் ஒன்று. 25-இல் ஏறக்குறைய நாற்பதில் ஒன்று. 27-ஆம் தேதி முப்பத்தேழில் ஒன்று, அதாவது 2.7 சதவீதம். அபாயத்தைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை அளக்கிற டொரினோ அளவுகோலில் 4. அதற்கு முன்பும் சரி, இன்று வரைக்கும் சரி, எந்தக் கல்லும் அந்த அளவுகோலில் 4-ஐத் தொட்டதில்லை.

தேதிகளைக் கவனித்திருப்பீர்கள். இடையில் வருகிற 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் அரிசியும் போர்வையும் வசூல் செய்து கடலூருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு கல் முப்பத்தேழில் ஒரு வாய்ப்போடு வருகிறது என்று யாராவது சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. உலகத்துக்கே அப்படித்தான். இதுவரை வந்ததிலேயே பெரிய எச்சரிக்கை, பத்திரிகைகளில் பெரிதாக இடம் பிடிக்காமல் போய்விட்டது. இதே மாதிரி வாட்ஸ்அப்போடு வேறொரு வாரத்தில் அது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சித்தப்பாவை நினைத்துப் பார்க்கிறேன்.

அதே 27-ஆம் தேதிதான் விஷயம் முடிந்தும் போனது. எப்படி என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். புதிதாக யாரும் பெரிய தொலைநோக்கியைத் திருப்பவில்லை. கணக்கைப் பின்னோக்கி ஓட்டினார்கள். இந்தக் கல் டிசம்பரில் இங்கே இருந்தது, ஜூனில் அங்கே இருந்தது என்றால் அதற்கு முன்பு எங்கெங்கே இருந்திருக்க வேண்டும்? அந்த இடங்களை வேறு ஏதோ வேலைக்காக யாராவது படம் எடுத்து வைத்திருக்கிறார்களா? இருந்தது. ஸ்பேஸ்வாட்ச் என்ற தேடல் திட்டத்தின் சேமிப்பில், 2004 மார்ச் 15 அன்று எடுத்த படங்களில், கணக்கு காட்டிய இடத்துக்குப் பக்கத்தில், மிக மங்கலாக அந்தக் கல். கண்டுபிடிப்பதற்கு மூன்று மாதம் முன்பே அது படத்தில் விழுந்திருக்கிறது. மங்கல் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஒன்பது மாதம் யாரும் திறந்து பார்க்காமல் கிடந்த அந்தப் படத்திலுள்ள புள்ளியைக் கணக்கில் சேர்த்ததும் 2029 மோதல் அன்றைக்கே இல்லை என்று ஆகிவிட்டது. 2.7-இலிருந்து படிப்படியாக இறங்கவில்லை. ஒரே நாளில் விழுந்தது.

இதைச் சித்தப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் அவருடைய ஆட்டிலேயே வந்து நின்றேன். ஒரு ஆடு காணோம். நூறு ஏக்கர் காட்டில் எங்கேயோ இருக்கிறது. காட்டு நடுவில் ஒரு பாழுங்கிணறு. ஆடு கிணற்றில் விழுந்திருக்குமோ என்று பயம், ஆனால் நூறு ஏக்கரில் கிணறு எத்தனை சதுர அடி? வாய்ப்பு ரொம்பக் குறைவு. சாயங்காலத்துக்குள் மேற்குப் பக்கம் முழுக்கத் தேடிவிட்டீர்கள், இல்லை. மிச்சம் ஐம்பது ஏக்கர், கிணறு அதற்குள்தான் இருக்கிறது. இப்போது வாய்ப்பு இரண்டு மடங்கு. இன்னும் தேடி இருபது ஏக்கராகச் சுருங்கியது, கிணறு இன்னும் உள்ளேதான். வாய்ப்பு ஐந்து மடங்கு. ஆடு கிணற்றை நோக்கி ஒரு அடிகூட நடக்கவில்லை, தேடுகிற இடம்தான் சுருங்கியது. அப்புறம் ஒரு பையன், காலையிலேயே ஓடைக்கு அந்தாண்ட ஆட்டுக் குளம்படியைப் பார்த்தேன் என்கிறான். அந்த நொடியே கிணறு கணக்கிலிருந்து வெளியே போய்விடும். மார்ச் 15 படம்தான் அந்தக் குளம்படி. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பையன் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே” என்றார். அதுதான் வானியலாளர்களின் குறையும்.

எட்டு வருடத்துக்கு ஒருமுறை

அபோபிஸ் சூரியனைச் சுற்றி வர 324 நாள் எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தை, அதாவது சுமார் 15 கோடி கிலோமீட்டரை ஒன்று என்று வைத்துக்கொண்டால், அதன் சராசரி தூரம் 0.92. சூரியனுக்கு மிக அருகே 0.75 வரை, வெள்ளியின் பாதையைத் தொடாத குறையாக, உள்ளே போகும். வெளிப்பக்கம் 1.1 வரை வரும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் பாதையை இரண்டு தடவை கடக்கிறது. பூமியின் பாதைத் தளத்துக்கு அதன் சாய்வு 3 டிகிரிக்குச் சற்று மேல்தான். இப்படிப் பெரும்பாலும் நம் பாதைக்கு உள்ளேயே சுற்றுகிறவற்றை ஏடன் வகை என்பார்கள். அது 324 நாளில் சுற்ற, நாம் 365 நாளில் சுற்ற, ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ஒரே பக்கம் வந்து சேர்கிறோம். 2004 டிசம்பர், 2013 ஜனவரி, 2021 மார்ச், அடுத்தது 2029 ஏப்ரல். 2013-இல் சுமார் 1 கோடியே 45 லட்சம் கிலோமீட்டரிலும், 2021-இல் 1 கோடியே 70 லட்சத்திலும் கடந்தது. அந்த இரண்டு தடவையும் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடாரை வைத்து அதைத் தட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிந்ததுதான் சராசரியாக 340 மீட்டர் அளவு, நீளவாக்கில் இரண்டு பக்கமும் புடைத்த வடிவம். வேலூர்க் கோட்டை 133 ஏக்கர். அதன் மதிலுக்குள் இந்தக் கல் படுத்துக்கொள்ளும். எடை சில கோடி டன். சிலிக்கேட் பாறையும் இரும்பும் நிக்கலும் கலந்தது. ஒரு பம்பரம் போல ஒழுங்காகச் சுழலாமல் தள்ளாடித் தள்ளாடிப் புரள்கிறது.

2029-இல் மோதாது என்றதோடு பயம் தீரவில்லை. அந்த அருகில் கடக்கிற நேரத்தில், விண்வெளியில் சுமார் 600 மீட்டர் அகலமுள்ள ஒரு குறிப்பிட்ட இடத்துக்குள் அது புகுந்து போனால், பூமியின் ஈர்ப்பு அதைச் சரியாக வளைத்து 2036-இல் கொண்டுவந்து மோதவிடும் என்றொரு கணக்கு இருந்தது. சாவித்துவாரம் என்றே அதைச் சொல்வார்கள். 2013 பார்வைக்குப் பிறகு 2036 போயிற்று. அதற்கப்புறமும் ஒரு சிக்கல். கல்லின் பகல் பக்கம் வெயிலில் சூடேறி, புரளும்போது அந்தச் சூட்டை வேறு திசையில் வெளியே விடுகிறது. அந்த வெப்பமே ஒரு மெல்லிய தள்ளுதல். யார்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். ஒரு நாளில் ஒன்றுமே இல்லை, ஆனால் வருடக்கணக்கில் பாதை கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். 2021 மார்ச் ரேடார் அளவீட்டில் கல் இருக்கும் இடத்தை 150 மீட்டர் துல்லியத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் 1 கோடியே 70 லட்சம் கிலோமீட்டரிலிருந்து. அதன்பிறகுதான் குறைந்தது நூறு வருடத்துக்கு மோதல் இல்லை என்று நாசா அறிவித்து, அபாயப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது. கண்டுபிடித்ததிலிருந்து எண்ணினால் பதினேழு வருடம் ஆகியிருக்கிறது. கல் மாறவில்லை. பார்த்த காலம்தான் நீண்டது.

நாட்றம்பள்ளி விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே பார்த்த காலம் என்று எதுவும் இல்லை. ஒரு பள்ளமும் ஒரு கருப்புக் கல்லும்தான். ஆனால் அறிக்கை ஒரே நாளில். அந்த அறிக்கையைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை, ஒரு குடும்பத்துக்கு ஏதோ பணம் கிடைத்தது. ஆனால் அந்த மனிதர் உண்மையில் எதனால் இறந்தார் என்று கேட்க வேண்டிய கேள்வியை விண்கல் என்ற பதில் மூடிவிட்டது. வானத்தின் மேல் பழியைப் போட்டால் கீழே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆலங்காயத்துக்கு மேலே

காவலூரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கத்து ஆளாக எனக்கு உறுத்தும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து மலை. 725 மீட்டர் உயரம். 1977-இல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது, வானியலாளர் வைணு பாப்பு பெயரில். ஆனால் கல் வேட்டை நடந்தது அதில் அல்ல, 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில். 1980-களின் கடைசியில் ஆர். ராஜமோகன் தலைமையில் கல்கி என்ற பெயரில் சிறுகோள் தேடல் ஒன்றை நடத்தினார்கள். வேலை இதுதான்: வானத்தின் ஒரே பகுதியைக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் திரும்பப் படம் எடுப்பது, அப்புறம் அந்தப் படங்களை ஒப்பிடுவது. நட்சத்திரங்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகளில் ஏதாவது ஒன்று இம்மி நகர்ந்திருந்தால் அதுதான் கல். கண் கெடுகிற வேலை. 1988 பிப்ரவரி 17-இல் அப்படி அகப்பட்டதுதான் 4130 ராமானுஜன். 1861-இல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஆசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார், அடுத்து வந்த ஆண்டுகளில் இன்னும் சிலவற்றையும் பிடித்தார். அவருக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து யாரும் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, ராமானுஜன் வரும் வரைக்கும். ராமானுஜன் நம் பக்கம் வருகிற கல் அல்ல, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. ஆனாலும் அந்த வரிசையான படங்களை நினைக்கும்போது எனக்கு மார்ச் 15 படம்தான் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு ஒன்றும் இல்லை என்று ஒதுக்கி வைத்த படத்துக்கு என்றைக்கு வேலை வரும் என்று யாருக்குத் தெரியும்?

2029 ஏப்ரலுக்கு வருவோம். அபோபிஸ் பூமிக்கு மிக அருகில் வருவது உலக நேரப்படி 13-ஆம் தேதி இரவு 9:46. நமக்கு 14-ஆம் தேதி விடிகாலை 3:16. கீலக வருடம் முடிந்து சௌமிய வருடம் பிறக்கிற சித்திரை ஒன்று. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரம். நம் டிவி செயற்கைக்கோள்கள் இருப்பது 35,786 கிலோமீட்டரில், அதற்கும் உள்ளே வந்து போகப்போகிறது. இந்த அளவுள்ள கல் இவ்வளவு பக்கத்தில் வருவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு காத்திருப்பது இதுதான் முதல் தடவை. பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே வளைத்துவிடும். சராசரி தூரம் 0.92-இலிருந்து 1.1-க்குப் போய், இப்போது நம்மைவிடச் சீக்கிரம் சுற்றுகிற கல் அதற்கப்புறம் நம்மைவிட மெதுவாகச் சுற்றும். ஏடன் வகையிலிருந்து, பெரும்பாலும் நம் பாதைக்கு வெளியே சுற்றுகிற அப்போலோ வகைக்கு மாறிவிடும். எட்டு வருடக் கணக்கும் அதோடு சரி. புரளுகிற விதமும் மாறலாம், மேற்பரப்பில் மண் சரியலாம். அதைப் பார்க்கத்தான் ஐரோப்பாவின் ராம்சிஸ் கலம் முன்கூட்டியே போய்ச் சேரத் திட்டமிட்டிருக்கிறது, நாசாவின் ஒசைரிஸ்-அபெக்ஸ் கடந்து போன பிறகு போய்ப் பிடிக்கும்.

சித்தப்பாவின் கவலை வேறு. மூணே காலுக்குத் தலைக்கு மேலே தெரியுமா? தெரியாது. அந்த நேரத்தில் அது அட்லாண்டிக் பெருங்கடல் மேலே இருக்கும், நமக்கு அடிவானத்துக்குக் கீழே. நாம் பார்க்க வேண்டியது அதற்கு முன்பு, அது இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா பக்கம் போகிற நேரம், நம் வானத்தின் தெற்கிலிருந்து மேற்குப் பக்கமாக. அமாவாசையையொட்டிய இரவு என்பதால் நிலா வெளிச்சம் இருக்காது. வேலூர் டவுனிலோ ஆம்பூர் பைபாஸிலோ நின்றால் விளக்குகளில் ஒன்றும் தெரியாது, மலைப்பக்கம் போக வேண்டும். வெறுங்கண்ணுக்கு எட்டலாம், ஆனாலும் கையில் ஒரு பைனாகுலர் இருப்பது நல்லது. நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளிதான். அது இடம் மாறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி காவலூரில் பொதுமக்களை அனுமதிக்கச் சொல்லி இப்போதே ஒரு மனு எழுதலாம் என்று சொன்னேன். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “ஊரே வண்டி எடுத்துக்கினு லைட்டைப் போட்டுக்கினு மேல வந்தா அவங்க எங்கடா படம் புடிப்பாங்க? நாம ஆலங்காயத்துலயே ஏதாச்சும் கொல்லையா பாத்து நின்னுக்கலாம்.” மனுவை அதற்குத் தகுந்தாற்போல மாற்றியாயிற்று: அன்று இரவு ஆலங்காயம் சாலையில் தெருவிளக்குகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று. முதல் கையெழுத்து அவருடையது.